காலியாக வந்த ஃபோல்டர்

"மேடம், ஃபோல்டர் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல" என்றார் சென்னை அலுவலகத்திலிருந்து பஞ்சநதம். அவர் வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள். நான் குடவாசலில், எங்கள் வீட்டு மாடியில், லேப்டாப்பும் ஆறிப்போன காப்பியுமாக உட்கார்ந்திருந்தேன்.

"அது, நம்ம கோடு மொத்தமும் சேத்து வைக்கிற ரெப்போவுக்குள்ள இருக்குற இன்னொரு ரெப்போ சார். வெளிய இருக்குறத நகல் எடுத்தா உள்ள இருக்குறது தானா வராது. அதைத் தனியா கேக்கணும்" என்று கட்டளையையும் சொன்னேன். ஒரு நிமிடத்தில் "வந்துருச்சு மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு ஃபோல்டர் காலியாக வந்திருந்தது.

அது தஹ்மீனாவின் ஃபோல்டர். கல்லூரிக் கடைசி வருஷத்தில் நானும் அவளும் சேர்ந்து, அறுவடை மெஷினுக்கு முறை போடும் மென்பொருள் எழுதினோம். யோசனை வந்தது அப்பாவின் புலம்பலிலிருந்து. கூலிக்கு நடவு பார்த்து, அப்புறம் சொந்தமாக மூன்று மா நிலம் வாங்கியவர் அப்பா முருகையன். அந்த வயலுக்கு ரோட்டிலிருந்து வழி கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு வயலும் அறுத்த பிறகுதான் மெஷின் உள்ளே இறங்கும். அதற்குள் மெஷின்காரர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார், ஒரு மழை வந்தால் கதிர் சாய்ந்துவிடும். யாருக்கு அடுத்து யார் என்று கணக்குப் போடுவது தஹ்மீனா, திரையில் தெரிவதெல்லாம் நான். "என்னோடத தனியா வச்சுக்கறேன்டி. உன் வீட்டுக்குள்ள எனக்கு ஒரு ரூம்" என்பாள். கும்பகோணம் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில், இரண்டு மடிக்கும் பொதுவாக ஒரே லேப்டாப். குண்டும் குழியுமான ரோட்டில் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே சிரிப்போம். இன்றைக்கு வாங்கும் சம்பளத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

தை மாதம் வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை சித்தீக்குக்கு ஷார்ஜாவில் வேலை. திங்கட்கிழமை எங்கள் ப்ராஜெக்ட் தேர்வு. அவளுக்கு விடுப்பு கொடுத்திருந்தார்கள். என் லேப்டாப் ரிப்பேரில் இருந்ததால் கல்லூரிக் கம்ப்யூட்டரில் புதிதாக நகல் எடுத்தேன். அவள் ஃபோல்டர் வெறுமையாக இருந்தது. "கணக்குப் போடுற பகுதி எங்கம்மா?" என்று தேர்வாளர் கேட்டார். பத்துப் பேர் முன்னால் நான், "அவ செய்யல சார்" என்றேன்.

அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை. பட்டமும் முடிக்காமலே விமானம் ஏறினாள். ஷார்ஜாவிலிருந்து போன் செய்தாள், நான் எடுக்கவில்லை. கல்யாணக் குஷியில் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டாள் என்ற கோபம் எனக்கு. இரண்டு வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு வீட்டுக்கே வந்தாள். நான் இல்லையென்று சொல்லச் சொல்லிவிட்டு இதே மாடியில் இருந்தேன். அவள் போன பிறகு அம்மா மேலே வந்து, "உன் செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. பாத்துட்டுத்தான் போனா" என்றது.

இப்போது அந்தப் பழைய ரெப்போவைத் தேடி எடுத்து நகல் எடுத்தேன். தஹ்மீனாவின் ஃபோல்டர் அன்று போலவே காலி. பஞ்சநதத்துக்குச் சொன்ன அதே கட்டளையை அடித்தேன்.

வந்தது. நாற்பத்தொரு கோப்புகள். அவள் கடைசியாகச் சேமித்து அனுப்பிய கமிட், நிக்காஹுக்கு முந்தின வியாழக்கிழமை. கூடவே அவள் எழுதியிருந்த குறிப்பு: "ஒரு கையில மருதாணி காயல. இன்னொரு கையால அடிச்சது. தப்பு இருந்தா திட்டு."

நான் அழுதேன். இவ்வளவு நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

ஷார்ஜா நம்பர் இன்னும் அதேதானா என்று தெரியாது. போட்டேன். ரிங் போனது. திரையில் அவள் சோதனைக்காகப் போட்டுவைத்த முறைப் பட்டியல் திறந்திருந்தது. மூன்றாவது வரி: "முருகையன் அப்பா வயல். முன்வயல் ரெண்டும் முடிஞ்ச கையோட இதையும் அறுத்துடணும். மறுநாளுக்குத் தள்ளக் கூடாது."

ரிங் போய்க்கொண்டே இருந்தது.