எல்லைக்கல்லில் நின்ற முதலாளி

ராஜப்பனைக் கோபக்காரர் என்று சொன்னால் கோபமே கோபித்துக்கொள்ளும். பாப்பிரெட்டிப்பட்டியில் கிரானைட் அறுத்துச் சேர்த்ததை எல்லாம் கார் பந்தயத்தில் கொட்டி, தேசியப் பந்தயத்தின் முதல் பிரிவில் ஓர் அணியையே நடத்தினவர். ஓட்டுநரைத் திட்டுவார், மெக்கானிக்கைத் திட்டுவார், பந்தயச் சங்கத்துக்காரர்களை டிவி கேமரா முன்னாலேயே திட்டுவார். பாதிப் பத்திரிகைகள் அவரைச் சிங்கம் என்றன. மீதி, இந்த ஆளை எப்போது விரட்டப்போகிறீர்கள் என்று கேட்டன.

இந்த வருஷத்தோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அடுத்து யார்? "எம் மவன் முருகேஷ்!" என்று மைக்கைப் பிடுங்கி அறிவித்துவிட்டார் ராஜப்பன். பாவம் முருகேஷ். சித்தேரி மலை பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிற பிள்ளை அவன். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூத்தவள் யுவராணிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? என்ஜினியரிங் முடித்து, ஆறு வருஷமாக எந்தச் சுற்றில் டயர் மாற்றுவது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டது அவள். ஜெயித்தால் கோப்பையோடு போட்டோவுக்கு நிற்பது அப்பா. "எல்லாந் தெரிஞ்சு வெச்சிருக்கற கண்ணு. தம்பிக்கும் சொல்லிக் குடு" என்பார். அப்பா உட்காருகிற அந்த முதலாளி நாற்காலி அவளுக்கு வேண்டும். ஆசை என்றால் கொஞ்ச நஞ்சமல்ல, சோறு இறங்காத ஆசை.

கம்பைநல்லூர் பக்கம் புதிதாகப் போட்டிருந்த டிராக்கில்தான் வருஷத்தின் கடைசிப் பந்தயம். மழையில் அது தள்ளிப்போனது. தள்ளிவைத்ததற்காகச் சங்கத்துக்காரர்களோடு ராஜப்பன் ஒரு மூச்சு சண்டை போட்டார். அவர்கள் நம்பரை பிளாக் செய்தார், வாட்ஸப் குரூப்பை விட்டும் வெளியேறினார். புதுத் தேதி அந்தக் குரூப்பில் வந்தது. இவருக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் பண்டிகைக்குக் காப்புக் கட்டினார்கள். இந்த வருஷ முறை ராஜப்பன் வீட்டுக்கு. அப்பனும் மகனும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறோடு வீடு திரும்பினார்கள். மறுநாள் காலையில் தலைமை மெக்கானிக் சவரிமுத்து ஓடிவந்தார்.

"மொதலாளி, ஞாயித்துக்கெழம ரேஸுங்க!"

"எந்த ஞாயிறு?"

"இந்த ஞாயிறுதானுங்க!"

காப்புக் கட்டியவர்கள் பண்டிகை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ராஜப்பன் யாரையும் திட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது. யுவராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்குள் ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, நீதான் போவோணும்" என்றார் அப்பா, மாத்திரையை முழுங்குகிற முகத்தோடு. "ஒரு நாளைக்குத்தான். நான் போன்ல சொல்லுவேன், நீ அதச் செய்யோணும். அவ்வளவுதான்."

"நான் சொந்தமா ஒண்ணும் சொல்லக் கூடாதுங்களா?"

"தோத்துப் போச்சுன்னா அப்பறம் கார் ஷெட்டுப் பக்கமே வராத. கல்யாணத்தப் பண்ணிக்கிட்டுப் போயிரு."

முருகேஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, கும்புட்டுக்கறேன், ஜெயிச்சுரு. இல்லீனா அந்த நாற்காலில என்னத்தான் ஒக்கார வெப்பாரு" என்றான்.

ஞாயிறு வந்தது. ராஜப்பன் அரூர் ரோட்டில் எல்லைக்கல் வரைக்கும் வந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய குடை, ஒரு கையில் பந்தயம் ஓடும் செல்போன், இன்னொரு கையில் மகளைத் திட்டுவதற்கான செல்போன். தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கேனோடு வந்துவிட்டார். முருகேஷ் அதையெல்லாம் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கம்பைநல்லூரில் யுவராணி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். டயர் கணக்கு எழுதிய தாளை மூன்று தடவை புரட்டினாள். இவர்கள் ஓட்டுநர் அறிவழகன் சிவப்புக் காருக்குப் பின்னால் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். சிவப்புக் காரை முந்தினால் இந்த வருஷப் பட்டமே இவர்களுக்கு.

"உள்ள கூப்புடு அவன!" என்று போனில் அலறினார் அப்பா.

"வந்துட்டுப் போயிட்டானுங்கப்பா. டயரே மாத்தியாச்சு."

"இங்க இன்னும் வெளியதானே ஓடறான்?"

"உங்க போன்ல பந்தயம் லேட்டா வருதுங்க!"

சவரிமுத்து திரும்பி நின்று சிரித்தார். முதலாளி அரை நிமிஷத்துக்கு முந்தைய பந்தயத்துக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். யுவராணியும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பயம் அதோடு போயிற்று.

இன்னும் நாலைந்து சுற்றுகளே பாக்கி இருந்தபோது தூறல் போட்டது. கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட்டில் ஒரே களேபரம். முன்னால் போன சிவப்புக் கார் சட்டென்று உள்ளே திரும்பி மழை டயருக்கு மாறியது. பின்னால் வந்தவை எல்லாம் வரிசையாக அதே மாதிரி திரும்பின. சவரிமுத்து மழை டயரைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்.

"அக்கா, ஒரு வளைவுல மட்டுந்தான் வழுக்குது. உள்ள வரட்டா?" என்றான் அறிவழகன் ரேடியோவில்.

போனில் அப்பா. "மழ டயர் போடு! கொட்டுது பாரு, பேய் மழ!"

"இங்க தூறல்தானுங்கப்பா."

"எந் தலமேல ஊத்துது, தூறலுங்கற! கொட புடுங்கிக்கிட்டுப் போச்சு! போடு டயர!"

மழை கொட்டுவது பாப்பிரெட்டிப்பட்டியில். எல்லைக்கல்லில் தொப்பலாக நனைந்துகொண்டு, அந்த மழைக்கு இங்கே டயர் மாற்றச் சொல்கிறார் மனிதர்! ஆனால் அந்த மழை இங்கே வராது என்று யார் கண்டது? யுவராணி அண்ணாந்து பார்த்தாள். மேகம் கிழக்கே, மலைப்பக்கமாகத்தான் நகர்ந்தது. தப்பாகிப்போனால் அறிவழகன் வழுக்கிச் சுவரில் மோதுவான், அவளுக்கு நாற்காலியும் இல்லை, ஷெட்டும் இல்லை.

"பாப்பா, சீக்கிரம் சொல்லு" என்றார் சவரிமுத்து.

"யுவராணி! நான் மொதலாளியா, நீ மொதலாளியா?"

"இன்னிக்கு நாந்தானுங்கப்பா" என்று சொல்லிப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "அறிவு, உள்ள வராத. அந்த வளைவுல மட்டும் மெதுவாப் போ. மத்த எடத்துல பறக்க விடு!"

"அப்படிச் சொல்லுக்கா!"

அடுத்த சுற்றில் தூறல் நின்றது. வெயிலே அடித்தது. மழை டயர் போட்ட கார்கள் காய்ந்த ரோட்டில் திணறின. சிவப்புக் கார் மறுபடியும் டயர் மாற்ற உள்ளே வந்தபோது, யுவராணி நாற்காலியின் மேலேயே ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். அறிவழகன் தன்னந்தனியாக முடிவுக் கொடியைத் தாண்டினான்.

சவரிமுத்து மழை டயரை உருட்டிவிட்டுக் குதித்தார், அழுதார், யார் யாரையோ கட்டிக்கொண்டார். யுவராணி போனை எடுத்துக் காதில் வைத்தாள். இணைப்பு அறுந்திருக்கவில்லை. கொட்டுகிற மழையில் அவர் போனில் பந்தயம் இன்னும் பின்தங்கி ஓடியது; அப்பா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

"கெடுத்துப்புட்டா! சொன்னாக் கேட்டாத்தானே! எம் பேரையே கெடுத்துப்புட்டா!"

யுவராணி சிரிப்பை அடக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் வாங்கிய திட்டுகளிலேயே இவ்வளவு இனித்தது எதுவும் இல்லை. பிறகு எல்லைக்கல்லில் இருந்து ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், காது கிழிந்துவிட்டது. "அக்கா! அக்கா! நான் தப்பிச்சேன்!" என்று முருகேஷ் அலறியது மட்டும் தனியாகக் கேட்டது.

அப்பா மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் மழை கொட்டுவதும் கேட்டது.

"நாஞ் சொன்னபடி டயரு மாத்திருந்தா?" என்றார் கடைசியில்.

"தோத்திருப்போமுங்க."

"ம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரையாவது திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நாளைக்கு ஷெட்டுக்கு நான் எத்தன மணிக்கு வரட்டும்?"

யுவராணிக்குச் சட்டென்று கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒம்போதுக்கு வந்துருங்கப்பா" என்றாள். "லேட்டா வந்தா திட்டுவேன்."