வலப்பக்கம் திறக்கும் வால்வு

கணவரின் இடது கால் பெருவிரல் நகத்தைப் பாதி வெட்டியிருந்தபோது போன் அடித்தது. அவள் நகவெட்டியை மெத்தைமேல் போட்டுவிட்டு எடுத்தாள்.

"அண்ணி, தோண்டிட்டோம்." பேசியது ஒட்டடை. அவருக்குக் கீழே இருபது வருஷம் வால்வு திருகியவன். ஆள் ஒட்டடைக்கம்பு உயரம். "சேத்தை வழிச்சுப் பாத்தா அம்புக்குறி எதிர்ப்பக்கம் இருக்கு. இது வலப்பக்கம் திருகினா திறக்குற ரகம். திறக்குறோம்னு நெனச்சு இறுக்கி மூடி வச்சிருக்கோம். அண்ணன்கிட்ட..." என்று இழுத்தான்.

"நான் பாத்துக்கறேன். நான் சொல்லாம வால்வு திருகுற சாவியைத் தொடாதே."

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குக் கணினி வேலை. ஊரின் குழாய்களையெல்லாம் கோடும் புள்ளியுமாக உள்ளே ஏற்றி, எந்த மணிக்கு எந்தத் தெருவில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று பார்க்க வேண்டும். அவர் அதே அலுவலகத்தில் வால்வு ஆட்களுக்குத் தலைவர். மேட்டுத் தெருவை வைத்துப் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் சண்டை. கணினி, தண்ணீர் பதினெட்டு மீட்டர் உயரம் ஏறும் என்றது. தெருவிலோ, கீழ்த் தெரு வழியாகச் சுற்றி வரும் தண்ணீர் ஆறுக்கு மேல் ஏறவில்லை. "வால்வு மூடியிருக்கு" என்பாள். "என் கையால திறந்தது. உன் பொட்டிக்குத்தான் மூளை மூடியிருக்கு" என்பார். கடைசியில், சாப்பாடாவது நிம்மதியாக இறங்கட்டும் என்று அந்த ஒரு குழாய்க்கு மட்டும் உள்ளே துரு அடைத்துக் கிடப்பதுபோல் ஒரு பொய் எண்ணைக் கொடுத்து ஒப்பேற்றினாள். அந்தப் பொய்யை நம்பி இப்போது அலுவலகம் குழாயையே பிடுங்கி மாற்றக் கிளம்பியிருந்தது. போன வாரம் அதை அழித்துவிட்டு, வால்வை மூடியதாக வைத்து ஓட்டிப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அவருக்குத் தெரியாமல் ஒட்டடையை அனுப்பினாள்.

ஜெயித்தாயிற்று. இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில்தான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். வால்வு வேலையைத் தவிர வேறெதற்கும் மார்தட்டிக்கொண்டதில்லை மனிதர். இதைச் சொல்லி அனுப்புவதா, சொல்லாமலே அனுப்பிவிடுவதா?

"யாரு, ஒட்டடையா?" அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ம். எப்படி இருக்கீங்கன்னு கேட்டான்."

"அதுக்கு எதுக்கு சாவியைத் தொடாதேன்னே?"

பாம்புக்காது. மற்றதெல்லாம் ஓய்ந்தும் அது மட்டும் ஓயவில்லை. அவள் மீதி நகத்தை வெட்டி முடித்தாள்.

"மேட்டுத் தெரு வால்வு மூடித்தான் இருந்திருக்கு."

"நான் திறந்தேன்."

"அது வலப்பக்கம் திறக்குதாம். நீங்க இடப்பக்கம் திருகியிருக்கீங்க."

மின்விசிறி சுற்றியது. அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அது இருமலாகி, அவள் அவர் தோளைத் தூக்கிப் பிடிக்க, இருமல் அடங்கியதும் திரும்பவும் சிரிப்பாயிற்று.

"கடைசியில கிண்ணுனு நின்னுச்சுடி. அம்சமாத் திறந்துட்டோம்னு ஆளுக்கொரு டீ வேற குடிச்சோம்." மூச்சு வாங்கினார். "மேட்டுத் தெருக்காரன் என் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டுனான். அவன் சட்டையைப் பிடிச்சேனே."

"நானுந்தான் சொன்னேன்."

"பொண்டாட்டி சொன்னா கேக்கணும்னு எந்த வால்வுல எழுதியிருக்கு?"

"எழுதியிருந்தா மட்டும்? அம்புக்குறியையே படிக்கலை."

"சரி, கொண்டா உன் பொட்டியை." இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. "முழுசாத் திறந்தா கீழ்த் தெருப் பழைய குழாய் தாங்குமா?"

"அதைப் பாக்கத்தான் பொட்டி."

தலையணையை உயர்த்தி, மடிக்கணினியை அவர் தொடைமேல் வைத்தாள். வால்வைத் திறந்ததாக மாற்றி ஓட்டினாள். மேட்டுத் தெருவின் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நீலமாயின.

"இதெல்லாம் வீடா?"

"ஒரு புள்ளி பத்து வீடு."

"நல்லாத்தாண்டி இருக்கு. முன்னாடியே காட்டியிருக்கலாம்ல?" கண்ணை மூடிக்கொண்டார். "கூசுது. நீயே படி."

"ஆறு மணிக்கு மேட்டுத் தெரு பதினேழு. கீழ்த் தெரு முப்பத்தொண்ணு. தாங்கும்."

"ம்."

"ஏழு மணி. எல்லாரும் குளிக்கிற நேரம். பதினாலு."

"ம்."

"எட்டு மணி, பதினஞ்சு. ஒம்போது, பதினாறு."

பத்து மணிக்கான எண்ணைப் படித்த பிறகுதான் 'ம்' வரவில்லை என்பது உறைத்தது. வாய் அதே பக்கம் கோணியிருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டிலும் வைத்தாள். பிறகு மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

போன் அடித்தது. "அண்ணி, மூணு பேரு சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். என்ன செய்யட்டும்?"

இப்போது சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார்கள். குழி திறந்து கிடக்கும். தெரு இன்னொரு நாள் காயும்.

"திற. வலப்பக்கம், இருபத்தாறு சுத்து. நின்னு நின்னு போ, கலங்கல் கிளம்பும். சத்தமா எண்ணு."

"அண்ணன் கேக்குறாரா?"

"எண்ணுடா."

இரும்பு முனகியது. "ஒண்ணு," என்றான் ஒட்டடை.

அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தலையணை ஓரம் வைத்தாள். ஆறு. ஏழு. பதினொன்றில் குழாய்க்குள் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் வந்தது. அங்கே யாரோ விசிலடித்தார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் பதினைந்து இருந்தது.