இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்ற

மனைவி முருகேஸ்வரியை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுக்க வைத்துவிட்டு, வேல்ராஜ் பழனி அடிவாரத்தில் இருந்த ஒலியுல்லா பாயின் பட்டறைக்கு வண்டியை விட்டான். அவள் எழுந்திருக்க நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

"பாய், பின்னாடி ரெண்டு சக்கரமும் சேந்து சுத்தணும். எதையாவது பண்ணி விடுங்க."

ஒலியுல்லா டீ கிளாஸை வைத்துவிட்டு பிக்கப்பைச் சுற்றி வந்தார். பின்பக்கத் தகடு இடது மூலையில் மட்டும் நசுங்கித் தொங்கியது.

"என்ன மாப்ளே, யானைய ஏத்துனியா?"

"யானையில்ல பாய். எங்க ஊரு."

உண்மைதான். கொடைக்கானல் மலையில், வடகவுஞ்சிக்குக் கீழே, தார் ரோட்டை விட்டு இறங்கினால் வருவது அவன் ஊர். அங்கிருந்து ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு செம்மண் மேடு. வெயில் காலத்தில் அது பாதை. ஐப்பசியில் எண்ணெய் தடவின பாறை. மலைவாழைத் தாரை ஏற்றிக்கொண்டு பஞ்சாமிர்தக் கடைகளுக்குக் கிளம்பினால், இடது சக்கரம் சேற்றில் கிடந்து வெறுமனே சுற்றும். வலது சக்கரம் எனக்கென்ன என்று நிற்கும். உடனே ஊர்ச்சனம் ஓடிவந்து இடது மூலையில் தொற்றிக்கொண்டு குதிக்கும். அந்தப் பாரத்தில் சக்கரம் மண்ணைக் கவ்வினால் வண்டி ஏறும். அந்த ஊரில் பொம்பளை, ஆம்பளை எல்லாருக்கும் தெரிந்த வேலை அது.

போன வாரம் ஊரே ஏறிக் குதித்தும் வண்டி அசையவில்லை. முருகேஸ்வரியைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவள் முறை தாண்டிவிட்டது. மறுநாள் மெஷின் கிடைக்கும்வரை, உடம்பெல்லாம் நீர் கோத்து, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்தாள். "இன்னொரு தடவ தப்புச்சுன்னா நுரையீரல் நெறையத் தண்ணி ஏறிரும்ணே. அப்புறம் எங்க கையில இல்ல" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

இரண்டு நாள் மழை ஓய்ந்ததால் இன்று எப்படியோ வந்துவிட்டார்கள். மலைமேல் மறுபடியும் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒலியுல்லா பின் அச்சின் நடுவில் இருந்த டிபரன்சியலைத் திறந்தார். கறுத்த ஆயில் ஒழுகியது. உள்ளே பல்சக்கரங்கள்.

"இந்தா, இந்தச் சின்னப் பல்லுதான் வளைவுல ஒரு சக்கரத்த மெதுவாவும் ஒண்ண வேகமாவும் விடுது. சேத்துல ஒன்னையக் கவுக்குறதும் இதான். ரெண்டையும் சேத்துப் பூட்ட லாக்கர்னு ஒண்ணு வேணும்."

"போடுங்க."

"அவசரப்படாத. பிளேட் வச்சது ஒண்ணு இருக்கு, காயலாங்கடையில கெடைக்கும். ஒன் மேட்டுக்குத் தாங்காது. தானா பூட்டித் தானா விடுறது ஒண்ணு. ஒன் மாடலுக்கு அளவு வராது. நல்லது எதுன்னா, ஸ்விட்ச் போட்டா பூட்டுறது. மேட்டுல போடு, ரோட்டுக்கு வந்ததும் எடுத்துரு. ஆர்டர் போட்டு வர மூணு வாரம்."

"மூணு வாரமா? வியாழக்கிழம அடுத்த டயாலிசிஸுக்கு நான் அவள எறக்கணும் பாய்."

ஒலியுல்லா கையைத் துடைத்தார்.

"அப்ப பல்லையே வெல்டிங் வச்சுப் பத்த வச்சு விட்டுருங்க" என்றான் வேல்ராஜ். "எஸ்டேட் ஜீப்புக்கெல்லாம் பண்றாங்கல்ல."

"அது காட்டுக்குள்ளயே கெடக்குற ஜீப்பு. நீ கொண்டை ஊசி வளைவுல வாறவன். பல்லப் பத்த வச்சா எப்பவும் பூட்டுதான். மேட்டுல சொன்னபடி கேக்கும். எறக்கத்துல, ஈர ரோட்டுல, நீ ஸ்டியரிங்க ஒடிப்ப, அது நேராப் போகும். வேண்டாம். எங்க மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. மூணு வாரம் தங்கச்சியோட இங்க இரு. எம் பொஞ்சாதி ஆமினா சோறு போடுவா."

"தாரு முத்தி நிக்குது பாய். ஆள் இல்லைன்னா ஒரே ராத்திரியில காட்டுமாடு மேஞ்சுரும். அத வித்தாத்தான் டீசலு, மாத்திரை எல்லாம்."

"அப்ப அவளை மட்டுமாச்சும் விட்டுட்டுப் போ."

வேல்ராஜ் ஆஸ்பத்திரிக்கு நடந்தான். முருகேஸ்வரி கையில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தாள். விஷயத்தைச் சொன்னான்.

"அடுத்தவுக வீட்டுல போயி நான் வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கவா? வேண்டாம்ங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பல்லு, சக்கரம் எல்லாம் எனக்குத் தெரியாது. மறுபடி போர்வையில மட்டும் கட்டாதீக. உசுரோட இருக்கையிலயே பொணமாத் தூக்கிட்டுப் போறாப்புல இருந்துச்சு."

அவன் திரும்பி வந்து, "பத்த வைங்க" என்றான். ஒலியுல்லா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வெல்டிங் கண்ணாடியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு பின் டயர் ரோட்டில் தேய்ந்து கீச்சிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலித்தது. மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

வியாழக்கிழமை விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டது. தார் எதுவும் ஏற்றவில்லை. முருகேஸ்வரியை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினான். வண்டிச் சத்தம் கேட்டு வழக்கம்போல ஊர் ஓடி வந்தது. யாரும் தொற்றுவதற்கு முன்பே இரண்டு சக்கரமும் மண்ணைக் கடித்துக்கொண்டு, பிக்கப் மேட்டில் ஏறிவிட்டது. கையை நீட்டியபடி மழையில் நின்ற ஆண்டிச்சாமி கத்தினார்:

"ஏலே வேல்ராசு! எங்க சோலியப் புடுங்கிட்டியேடா!"

முருகேஸ்வரி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. முகம் ஊதியிருந்தது. "வெரசாப் போங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை. அவன் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியது.

மலை ரோட்டின் இறக்கத்தில் மூன்று வளைவு தாண்டினார்கள். நாலாவதில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான். முன் சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே பிடிவாதமாக நேரே தள்ளின. பிரேக்கை மிதித்தான். ரோட்டோரத் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு முன் சக்கரம் இரண்டும் பள்ளத்தின்மேல் தொங்க, வால் ரோட்டை மறித்தபடி பிக்கப் நின்றது.

கதவைத் திறந்து அவளை இழுத்து வெளியே எடுத்தான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கல்லில் உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். போனில் சிக்னல் இல்லை.

கொடைக்கானலிலிருந்து பழனிக்குப் போகும் பஸ் இறங்கி வந்து பின்னால் நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். "ஒடிச்சு எடுக்க எடமில்லையேப்பா."

ஆட்கள் இறங்கி வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். இன்ஜின் பாரம் அந்தப் பக்கம் தொங்கியது. ஒரு சாண்கூட வரவில்லை. கீழேயிருந்து பைக்கில் வந்தவர் அவளைப் பின்னால் ஏற்றப் பார்த்தார். உட்கார வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"கிரேனு பழனியில இருந்துதான் வரணும்" என்றார் கண்டக்டர். "மத்தியானம் ஆயிரும்."

வேல்ராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மூச்சைத் தவிர எதையும் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

அவன் உடைந்த சுவரின் ஓரம் போய் எட்டிப் பார்த்தான். கீழே காடு. வீடில்லை, பாதையில்லை. வண்டிக்குள் கையை விட்டு கியரை நியூட்ரலில் தட்டினான். பிறகு பின்னால் வந்து தோளைக் கொடுத்தான்.

"தள்ளுங்கய்யா."

யாரும் நகரவில்லை. "யோவ், வண்டியவா பள்ளத்துல தள்ளச் சொல்ற!" என்றார் டிரைவர்.

"என் வண்டிதான. தள்ளுங்க!"

முதலில் பைக்கில் வந்தவர் வந்து கை கொடுத்தார். பிறகு பஸ் சனம் முழுக்க வந்தது. பிக்கப் ஒருமுறை முனகியது. மூக்கு கவிழ்ந்தது, வால் உயர்ந்தது. அப்புறம் ரோடு காலியாக இருந்தது. மரங்கள் முறியும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவன் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். சன்னலைத் திறந்துவிட்டு, அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் விட்டார்.

"என்னையத்... தள்ளியிருந்தா..." என்றாள் அவள், வார்த்தைக்கு ஒரு மூச்சாக. "வண்டியாச்சும்... மிஞ்சியிருக்கும்."

"வாய மூடுடி. பேசாம மூச்ச இழு."

அவள் இழுத்தாள். அடுத்த மூச்சு வரும்வரை அவனும் தன் மூச்சை விடவில்லை.