தவறினார்

“உங்க கிளைய மட்டும் பென்சில்ல போடு. பின்னாடி அழிக்க வசதியா இருக்கும்” என்றார் மாமா. நான் வம்சப் படம் வரைந்துகொண்டிருந்த தாளை அம்மா சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமா அம்மாவின் பெரியப்பா மகன். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் இந்த வேடிக்கையை அம்மா விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் துண்டுச் சீட்டுதான் காரணம். நூல் ஆலையில் வேலை பார்த்த எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி மேஸ்திரி எழுதியது. பெயர், தேதி, ‘காலை ஷிப்டு. தவறினார்.’ அந்தத் தேதிக்குப் பதினாறு மாதம் கழித்துத்தான் அம்மாவின் அப்பா பிறந்தார். அவரும் மாமாவின் அப்பாவும் விவரம் அறியாத வயதில் இருந்தபோதே பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. உறவில் எல்லோரும் விரல்விட்டு எண்ணினார்கள். சிறுமியாக இருந்தபோது நானும் ஒருநாள் போர்வைக்குள் எண்ணிப் பார்த்தேன். மறுநாள் தாத்தா பழம் உரித்துக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பெட்டியில ஆலைக் காகிதம் கொஞ்சம் கெடக்கு. கரையான் மிச்சம் வெச்சதுதான், பாரு” என்றார் மாமா.

நூலால் இறுக்கிக் கட்டிய கட்டு. யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. முதல் சீட்டிலேயே மேஸ்திரியின் அதே கோணல் எழுத்து. வாய்விட்டுப் படித்தேன். ‘மழை. தவறினார்.’ ‘பல்வலி. தவறினார்.’ ‘காரணம் சொல்லவில்லை. தவறினார்.’

“நில்லு, நில்லு. இந்த மனுஷன் எத்தனை தடவ செத்தாரு?”

“இதுவரைக்கும் பதினொண்ணு மாமா.”

வேலைக்கு வராததற்கும் உலகத்தை விட்டுப் போவதற்கும் ஒரே சொல். ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் ‘மறுநாள் உள்ளே விடவும்’ என்றிருந்தது. மாமா நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். ஆணிகளைப் பிடுங்கிச் சீட்டைத் திருப்பினார். அதே வரி.

“லீவு சீட்டையாடா இத்தனை வருஷமா கும்பிட்டேன்!”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “அப்பா பொறந்த தேதி இருக்கா, பாரு” என்றாள்.

இருந்தது. ‘ஆண் குழந்தை. தவறினார்.’ மறுநாளுக்கும் ஒரு சீட்டு: ‘அதே குழந்தை. தவறினார்.’

அம்மாவிடமிருந்து முதலில் ஒரு விக்கல்தான் வந்தது. பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, “அதே குழந்தையாம்! அதே குழந்தை!” என்று தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

“தங்கச்சி, நான்…” என்று மாமா தொடங்கினார்.

“சும்மா இருங்கண்ணே. மறுபடி ஒருக்கா படிக்கட்டும், கேப்போம்.”

மறுபடி படித்தேன். கட்டுக்குள் இன்னும் நாலைந்து சீட்டுகள் மீதி இருந்தன.

“அப்ப நெஜமாவே எப்பத்தான்…” என்று மாமா கையை நீட்டினார்.

அம்மா அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

“இன்னைக்கு வேணாண்ணே. இப்பத்தானே புள்ள பொறந்திருக்கு.”

மின்விசிறிக் காற்றில் அவள் விரலிடுக்கில் சீட்டுகளின் ஓரங்கள் படபடத்துக்கொண்டிருந்தன.