வாசலில் எடுத்த வீடியோ

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டு வேலை செய்யும் மன்னார்க்காரி எமிலியானா, கருவைக் கலைப்பது பாவம் என்று மனதார நம்புகிறவள். அதனால்தான் தன் கோயில் பங்குச் சனத்தோடு, கருக்கலைப்பு செய்யும் ஆஸ்பத்திரி வாசலில் செபம் சொல்லப் போனாள். அங்கே குழுத் தலைவன் கொட்வின், உள்ளே போக வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை வழிமறித்து, இரத்தம் வழியும் சிசுவின் படத்தை முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் விம்மி அழுததை மறுகையால் போனில் வீடியோ எடுத்தான்.

எமிலியானா செபத்தை நிறுத்திவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

“அதை அழியும், கொட்வின்.”

“ஏன் அக்கா? வாட்ஸ்அப் குரூப்பில போட்டால்தானே மற்றப் பெட்டையளுக்குப் பயம் வரும்.”

“செபம் சொல்ல வந்தனாங்களோ, வெருட்ட வந்தனாங்களோ? அழிக்காட்டி இப்பவே பொலிசுக்குப் போறன்.”

அவன் முணுமுணுத்தபடி அழித்தான். எமிலியானா அந்தப் பெண்ணிடம் ஓடினாள்.

“தங்கச்சி, வீடியோவை அழிச்சாச்சு. பயப்படாதேங்கோ.”

“நீங்களும் அவையோடதானே நிண்டனீங்கள்?”

“ஓம்,” என்றாள் எமிலியானா.

பெண் உள்ளே போய்விட்டாள். பின்னால் செபம் மறுபடி தொடங்கியது. சற்றுமுன் அந்தக் குரல்களோடு தன் குரலும் கலந்திருந்ததை நினைக்க, எமிலியானாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பஸ்ஸுக்கும் நிற்காமல் தான் குடியிருக்கும் பல்லரோப் பகுதி வரை நடந்தே போனாள். அடுத்த கிழமை குழுவினர் மறுபடி செபத்துக்குக் கூப்பிட்டபோது, வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.