அமராவதி ஏசிய குண்டு

உடையார்கட்டில் அமராவதியின் வீட்டுக்கு மேலே, தென்னை உயரத்தில், 2009 தை மாதத்திலிருந்து ஒரு விமானக் குண்டு நிற்கிறது. விழுந்துகொண்டிருந்த அதை அமராவதிதான் நிறுத்தினார். அன்று அவருடைய வளவில் வெட்டிய பங்கருக்குள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த யோசெப்பின் குடும்பமும் இருந்தது. இடம் போதாமல் வாசலில் நின்ற அமராவதி அண்ணாந்து பார்த்து, கோபத்தில் மட்டும் வருகிற தேயிலைத் தோட்டத்துத் தமிழில், "அடே கள்ளத்தோணி, யாரைக் கேட்டு இங்க வந்தே? வந்த எடத்துக்கே போடா" என்று கத்தினார். களவாகத் தோணியில் வந்தவர்கள் என்று மலையக மக்களை நாடு முழுவதும் ஏசிய சொல் அது. எழுபத்தேழு கலவரத்தில் வன்னிக்கு ஓடிவந்த அமராவதியைச் சந்தையிலும் அரசாங்கக் கந்தோரிலும் அதைச் சொல்லித்தான் ஏசினார்கள். ஒரு குண்டையும் அப்படி ஏசலாம் என்று அதுவரை எவருக்கும் தோன்றியதில்லை. குண்டு நின்றுவிட்டது.

போர் முடிந்து முகாமிலிருந்து ஊர் திரும்பியபோதும் அது அங்கேயே நின்றது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, மண்ணுக்குக் கீழே உள்ளதற்கு மட்டுமே தங்களுக்கு அனுமதி என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அமராவதி வீட்டுத்திட்டக் கல்வீட்டை அதன் கீழேயே கட்டினார். காணி அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு தையிலும் ஊர் கூடும். அமராவதி ஏசிக் காட்டுவார், பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள்.

யோசெப்பின் மகள் யூலியானா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்தபோது, ஒரு மாணவன் அமராவதியின் பேரன் மதுசனையே அந்தச் சொல்லால் கூப்பிடுவதைக் கேட்டார். அவர் கூசியதில் நியாயம் இருந்தது. அந்த வருடத் தைக்குப் பள்ளிக்கூடம் போட்ட நாடகத்தில் ஏசுகிற வசனத்தை மாற்றினார். அமராவதியாக நடித்த சிறுமி கைகூப்பி, "விருந்தாளியே, தயைகூர்ந்து திரும்பிச் செல்லுங்கள்" என்றாள். அதுவரை யாரும் விருந்தாளி என்று அழைத்திராத குண்டு, வாழைக்குலை பழுக்கிற வேகத்தில் இறங்கத் தொடங்கியது. ஒரு கிழமையில் கூரையைத் தொட்டு ஓடு ஒன்றை உடைத்தது.

"உடுப்பைக் கட்டுங்கோ அக்கா, முள்ளியவளையில கொஞ்ச நாள் இருப்பம்" என்றார் செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்த யோசெப்.

"ரெண்டு தரம் வீட்டை விட்டு எழும்பிட்டன் தம்பி. இனி எழும்பிறதெண்டால் மேல நிக்கிற அவன்தான் எழும்போணும்."

யூலியானா தலைகுனிந்து நின்றார். "அந்தச் சொல்லைத் திரும்பவும் உங்களைச் சொல்லப்பண்ண எனக்கு வெக்கமாக் கிடக்கு அம்மா."

"எனக்கு எறிஞ்ச சொல்லு டீச்சர். அதை ஆர்மேல எறியிறதெண்டு நான்தான் பாக்கோணும்."

"நாப்பது வருசமா என்மேலதான் எறிஞ்சவா" என்றார் அமராவதியின் கணவர் மூக்கன்.

யூலியானா பிள்ளைகளை முற்றத்தில் இருத்தி, அந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள், கேட்டவர்கள் எப்படி வீடு திரும்பினார்கள் என்று விளக்கினார். சற்று யோசித்து, தன் தகப்பனும் சொல்லியிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். யோசெப் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு அமராவதி இடுப்பில் கைவைத்து, ஒரு எழுத்தும் குறையாமல் தனியாக ஏசினார். இம்முறை பிள்ளைகள் சேர்ந்து கத்தவில்லை. குண்டு கூரையை விட்டெழும்பி, தென்னையையும் தாண்டி இரண்டு பனை உயரத்துக்குப் போனது.

இப்போது ஒவ்வொரு தையிலும் அந்த ஒழுங்குதான்: முதலில் விளக்கம், பிறகு அமராவதி. மதுசனை எல்லோரும் மதுசன் என்றே கூப்பிடுகிறார்கள். மத்தியானங்களில் குண்டின் நிழல் முற்றத்தில் ஓர் ஆள் இருக்குமளவு விழுகிறது. மூக்கன் அதில் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசிக்கிறார். நிழல் நகர, கதிரையை நகர்த்திக்கொள்கிறார்.