இன்ஸ்பெக்டரம்மாவின் மூக்கு

பெயின்ட் கம்பெனியின் ஸ்பிரே அறையில் இருபத்தேழு வருடம் நின்றவனிடம் மல்லிகையை நீட்டினாலும் ஒன்றுதான், மண்ணெண்ணெயை நீட்டினாலும் ஒன்றுதான். எனக்கு வாசனை போய் வெகுகாலம் ஆகிறது. கோபம் மட்டும் போகவில்லை, மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சமாளித்தவள் என் மனைவி.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மலைமேல் ஒரு மரவீட்டை வாங்கினோம். கரண்ட் கம்பி வராது, குழாய்த் தண்ணீர் வராது. நாலு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் சூரியத் தகடு, மற்ற எல்லாவற்றுக்கும் மழை. தகரக் கூரையில் விழும் மழை ஓரத்து வாய்க்கால் வழியாக ஓடி, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கறுப்புத் தொட்டியில் சேரும். வாய்க்காலில் சருகு அள்ளுவது என் வேலை. வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுவதும் என் வேலை. கூரையில் ஆறு மாதம் படிந்த தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும்.

வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் மூடியிலுள்ள சின்னத் துளை வழியாகத் தொட்டியில் ஊற்றுவேன். அரை மணி கழித்து அவள் சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, கண்ணை மூடி முகர்வாள். மருந்து வாசனை லேசாக வந்தால் தண்ணீர் சுத்தம். வராவிட்டால் தொட்டியில் ஏதோ அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். "இருக்கு" என்றால் நான் வாளியைக் கழுவிக் கவிழ்ப்பேன். "இன்னும் கொஞ்சம்" என்றால் முனகிக்கொண்டே ஏணியில் ஏறுவேன். இன்ஸ்பெக்டரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அவள் "இருக்கு" என்று சொன்ன பிறகு தொட்டி மூடியைத் திறந்து பார்க்கிற வழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று.

அப்புறம் அவளுக்குப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகரத்தில் ஊசி. மகள் தன் ஆறாவது மாடி வீட்டிலேயே தங்கச் சொன்னாள். இரண்டு நாள் தங்கிப் பார்த்தாள் இவள்.

"அலமாரிக்குள்ள மடிச்சு வெச்ச மாதிரி இருக்கு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மகள் என்னைப் பெற்றவள் மாதிரிதான் பேசுவாள். "அப்பா, அம்மா உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல. தண்ணில சின்னக் குறை வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் மேல விடமாட்டேன்."

"உங்கம்மா மூக்கைத் தாண்டி ஒரு கிருமி உள்ள வந்துடுமா?" என்றேன். மனைவி சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். ஊசியால் அவளுக்கு வாயெல்லாம் புண். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கொப்பளிப்பாள். கொப்பளிக்கிற தண்ணீரை யார் கொதிக்கவைப்பார்கள்? குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வாராவாரம் டம்ளரை முகர்ந்து "இருக்கு" என்றும் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் வயிறு போனது. பழைய ரொட்டியின் மேல் பழியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மதியத்துக்குள் கை கால் உதற ஆரம்பித்துவிட்டது. அடுத்த மேட்டில் இருக்கும் ஜீப்காரரைக் கூப்பிட்டு, பின் சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர்.

செவ்வாய்க்கிழமை காலை துணிமணி எடுக்க மகளும் நானும் மேலே போனோம். கை கழுவச் சமையலறைக் குழாயைத் திறந்தவள் சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னப்பா இது, இப்படி நாறுது! செத்தது கிடக்கிற மாதிரி!"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஏணியை வைத்து ஏறி மூடியைத் திறந்தேன். மழைத்தண்ணீர் உள்ளே விழும் குழாயின் வாயில் கட்டியிருந்த வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே எலி ஒன்று ஊறிக் கிடந்தது, பல நாளாகியிருக்க வேண்டும். கீழே மகள் "அம்மாவுக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏணியிலேயே புரிந்துவிட்டது.  கோபத்தில் மூடியை ஓங்கிச் சாத்தினேன்.

அந்தக் கோபத்தை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"உனக்கு வாசனை போய் எத்தனை நாளாச்சு?"

அவள் மறைக்கவில்லை. "ரெண்டாவது ஊசியிலருந்து."

"அப்போ டம்ளரை மோந்து மோந்து சொன்னதெல்லாம்?"

"சும்மா சொன்னேன். எப்பவும் சரியாத்தானே இருந்துச்சுன்னு ஒரு தைரியம். மூக்கு போச்சுன்னு சொன்னா கீழ கூட்டிட்டு வந்துருப்பீங்க. என் வீட்டுலயே இருந்துட்டுப் போயிடணும்னு நினைச்சேன்."

"பொய்க்காரி!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "உன் பொய்யை நம்பி நான் வாளியைக் கவிழ்த்தேன் பாரு!"

"உங்களுக்கு மூக்கு இல்லேன்னு நான் ஒரு நாளாவது உங்களை விட்டுட்டுப் போனேனா?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் வெளியே போய் டீ குடித்தேன். கோபம் இறங்கினால்தான் எனக்கு நல்ல வார்த்தை வரும். நாற்பது வருடமாக அவள் அதற்குக் காத்திருந்து பழகியவள். திரும்பி வந்தபோது அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தொண்டைக்குள் குழாய், கண் மூடியிருந்தது. காதோரம் குனிந்து நிறையச் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னோடு வந்துடுங்க என்றாள், நான் போகவில்லை. என் மனைவி இருக்க ஆசைப்பட்ட இடம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. தொட்டியைக் காலி பண்ணி, உள்ளே இறங்கி, மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். புது வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். பவுடர் தீர்ந்திருந்ததால் அடிவாரத்துக் கடைக்குப் போனேன். நாங்கள் வந்த நாளிலிருந்து வாங்குகிற அதே கடைதான்.

"போடறதை நான் போட்டுடுவேன். சரியா இருக்கான்னு பார்க்கத்தான் இப்ப ஆள் இல்ல. எனக்கு மூக்கும் வேலை செய்யாது" என்றேன்.

கடைக்காரர் பின்னால் ஆணியில் தொங்கிய சரத்திலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே விரல் நீளக் காகிதங்கள்.

"தண்ணில ஒண்ணை முக்குங்க. மருந்து இருந்தா ஊதாவா மாறும். இல்லேன்னா வெள்ளையாவே இருக்கும். இதுக்கு மூக்கே வேண்டாம், கண்ணு தெரிஞ்சாப் போதும்."

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்க மேல குடிவந்ததுலருந்து இங்கதாங்க தொங்குது. நீங்களும் கேக்கல, அம்மாவும் கேக்கல."

யாரையாவது நன்றாகத் திட்டிவிட வேண்டும் போல வாயைத் திறந்தேன். கடை வாசலில், நாலு பேர் பார்க்க, அழுகைதான் வந்தது.